க்யூ மரப்பூங்கா எப்போது தொடங்கியது, அதன் மூத்த மரங்கள் எவ்வளவு பழையவை?

லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள க்யூ தோட்டத்தைப் பார்த்துவந்த நீங்கள், அதன் தொடக்கம் ஓரிடத்தில் 1759 என்றும் இன்னோரிடத்தில் 1840 என்றும் எழுதப்பட்டிருப்பதையும், ஐந்து மரங்களை மட்டும் ‘கிழச் சிங்கங்கள்’ என்று அழைப்பதையும் குறிப்பிட்டு, இவற்றில் எந்த ஆண்டு சரி, அந்த ஐந்தும் உண்மையிலேயே அக்காலத்து மரங்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் அடியில் மூன்றாவது ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. பிரபுக்களும் அரச குடும்பத்தாரும் வாழ்ந்த ஓர் ஆற்றங்கரை எஸ்டேட் எப்படி ஒரு நாட்டின் மரப்பூங்காவாக மாறியது, அதை யாராவது முன்கூட்டித் திட்டமிட்டார்களா என்பதே அது. அதற்கு விடை தெரிந்தால் மற்ற இரண்டும் தாமே தெளிந்துவிடும். நான் தாவரவியல் பயின்று, பழைய தோட்டங்களிலுள்ள மரங்களின் வயதைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன். மரத்தைப் பற்றிச் சொல்லும்போது என் பயிற்சியை நம்பிச் சொல்கிறேன். சொத்துரிமை, அரண்மனை அரசியல் பற்றிச் சொல்லும்போது வரலாற்றாசிரியர்களின் ஆய்வைச் சார்ந்தே சொல்கிறேன். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

இன்று ஒரே தோட்டமாகத் தெரியும் இந்த இடம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை இரண்டு தனித்தனி எஸ்டேட்டுகளாக இருந்தது. ஆற்றை ஒட்டிய மேற்குப் பகுதி ரிச்மண்ட் எஸ்டேட். கிழக்கே இருந்தது க்யூ எஸ்டேட். இரண்டுக்கும் நடுவே ரிச்மண்டிலிருந்து பிரென்ட்ஃபோர்டு படகுத்துறைக்குப் போகும் பொதுப் பாதை ஒன்று ஓடியது. அதன் பெயர் லவ் லேன். க்யூ எஸ்டேட்டில் மரம் வளர்க்கும் ஆர்வம் அரச குடும்பம் அங்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பதினேழாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த சர் ஹென்றி கேபெலின் வீட்டுக்கு 1678இல் சென்ற ஜான் ஈவ்லின், வீடு பழைய மரவீடுதான் என்றாலும் அதன் தோட்டத்தில் இங்கிலாந்திலேயே சிறந்த கனிமரங்கள் இருந்ததாகத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆகவே ‘அரசர் வெறும் நிலத்தில் தொடங்கினார்’ என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. வளர்த்துப் பழகிய மண்ணைத்தான் அவர்கள் பெற்றார்கள்.

கேபெல் குடும்பத்திடமிருந்து அந்த எஸ்டேட்டை 1731இல் குத்தகைக்கு எடுத்தவர் இளவரசர் ஃபிரடெரிக். அவருடைய தாய் கரோலைன் அரசியார் பக்கத்து ரிச்மண்ட் எஸ்டேட்டில் சார்லஸ் பிரிட்ஜ்மேன், வில்லியம் கென்ட் ஆகியோரைக் கொண்டு தோட்டம் அமைத்துக்கொண்டிருந்தார். தாய்க்கும் மகனுக்கும் ஒத்துவரவில்லை என்பது ஊரறிந்த செய்தி. ஃபிரடெரிக் வெளிநாட்டு மரங்களைத் தருவித்து நடும் வேலையில் இறங்கியிருந்தபோது 1751இல் காலமானார். மழையில் நின்று நடவை மேற்பார்த்ததால் சளி பிடித்து இறந்தார் என்ற கதை பரவலாக வழங்குகிறது. தோட்டத்தில் அவருக்கு ஈடுபாடு இருந்தது உறுதி. சாவுக்கு அதுதான் காரணம் என்பது உறுதியன்று. அவருடைய மனைவி அகஸ்டா அந்த வேலையைக் கைவிடாமல் தொடர்ந்தார். அவருக்கு வழிகாட்டியவர் ஸ்காட்லாந்துப் பிரபு பியூட். தாவரவியலில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட இவர், அகஸ்டாவின் மகனும் பின்னாளில் மூன்றாம் ஜார்ஜ் ஆனவருமான இளவரசரின் ஆசிரியராகவும், 1762, 1763ஆம் ஆண்டுகளில் பிரதமராகவும் இருந்தவர். செல்சி மூலிகைத் தோட்டத்தில் பிலிப் மில்லரிடம் தொழில் கற்ற வில்லியம் எய்ட்டன் என்ற தோட்டக்காரர் 1759இல் க்யூவில் வேலைக்கு அமர்த்தப்பட்டார். தொடக்க ஆண்டாக 1759ஐச் சொல்வதற்கு இந்த நியமனமே அடிப்படை. அது ஒரு மனிதர் வேலையில் சேர்ந்த ஆண்டு. முதல் மரம் நடப்பட்ட ஆண்டு அன்று.

மரங்களைப் பொறுத்தவரை என் பார்வையில் 1759ஐவிட 1762 முக்கியமானது. பியூட்டின் மாமன் முறையான மூன்றாம் ஆர்கைல் கோமகன் ஆர்ச்சிபால்டு கேம்பல், ஹவுன்ஸ்லோ பக்கத்தில் விட்டன் என்ற இடத்தில், பயனற்றதென ஒதுக்கப்பட்ட பொட்டல் நிலத்தில், வட அமெரிக்காவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த மரங்களைப் பல்லாண்டுகளாக வளர்த்துவந்தார். மர வணிகரோ என்று சொல்லுமளவுக்கு அவருக்கு மரப்பித்து இருந்ததை ஹொரேஸ் வால்போல் குறித்திருக்கிறார். ஆர்கைல் 1761இல் இறந்ததும், மறு ஆண்டே பியூட்டின் ஏற்பாட்டில் விட்டனின் சிறந்த மரங்கள் பலவும் தோண்டி எடுக்கப்பட்டு க்யூவுக்குக் கொண்டுவந்து நடப்பட்டன. க்யூவில் மரங்களுக்கென்று ஒதுக்கிய முதல் பகுதி, சில ஏக்கர் மட்டுமே கொண்டது, இப்படித்தான் நிரம்பியது. ஆக, அதன் கருவாக அமைந்தவை அரசர் தேடிச் சேர்த்த மரங்கள் அல்ல. இன்னொருவர் தம் வாழ்நாளெல்லாம் வளர்த்து விட்டுச்சென்றவை. அந்தப் பெருமையில் பாதியாவது ஆர்கைலுக்குச் சேர வேண்டும் என்பது என் கருத்து. விட்டன் எஸ்டேட்டின் நிலம் பின்னர் கைமாறி வீடுகளாகிவிட்டதால் அவர் பெயர் மக்கள் நினைவில் நிற்கவில்லை.

இனி, நீங்கள் கேட்ட ஐந்து மரங்கள். கிங்கோ, ஜப்பானியப் பகோடா மரம், ரொபீனியா, கீழைப் பிளேன், காக்கேசிய எல்ம் எனப்படும் செல்கோவா ஆகியவையே அவை. ஐந்தும் அகஸ்டாவின் காலத்தைச் சேர்ந்தவை என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஐந்துமே விட்டனிலிருந்து வந்தவை என்று பொதுப்படச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பகோடா மரத்தின் கதை வேறு. லண்டனின் மைல் எண்ட் பகுதியில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த ஜேம்ஸ் கார்டன் 1753 வாக்கில் இங்கிலாந்தில் முதலில் வளர்த்த சில கன்றுகளில் அது ஒன்று. கிங்கோவை இங்கிலாந்தில் தொடக்க காலத்தில் வளர்த்து விற்றவரும் அதே கார்டன்தான். ஆகவே க்யூவின் கிங்கோ விட்டனிலிருந்து வந்தது என்ற கூற்றை ‘இருக்கலாம்’ என்ற அளவில் வைத்துக்கொள்வதே நல்லது. ரொபீனியா விட்டனிலிருந்து வந்தது என்ற செய்திக்கு அதைவிட வலு உண்டு.

இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. பலகையில் காணும் ஆண்டு மரத்தின் பிறந்த ஆண்டு அன்று, அந்த இடத்தில் நடப்பட்ட ஆண்டு. விட்டனிலிருந்து வந்தது வளர்ந்த கன்று என்றால், அதன் உண்மையான வயது பலகை சொல்வதைவிடச் சில ஆண்டுகளாவது கூடுதலாக இருக்கும். ‘வளையத்தை எண்ணிப் பார்த்துவிடலாமே’ என்று பலரும் கேட்பதுண்டு. உயிருள்ள மரத்தில் வளையம் எண்ண வேண்டுமானால், பென்சில் தடிமனுள்ள துளையிடும் கருவியால் பட்டையிலிருந்து நடுத்தண்டுவரை ஒரு குச்சி மாதிரியை உருவி எடுக்க வேண்டும். இவ்வளவு வயதான மரங்களில் நடுத்தண்டு பெரும்பாலும் உளுத்தோ பொந்தாகியோ இருக்கும். அதாவது மிகப் பழைய வளையங்கள்தாம் முதலில் அழிகின்றன. துளை வழியாகப் பூஞ்சை நுழையும் ஆபத்தும் உண்டு. நெஞ்சுயரத்தில், ஏறத்தாழ 1.3 மீட்டர் உயரத்தில், அடிமரத்தின் சுற்றளவை அளந்து வயதை மதிப்பிடும் முறை இருக்கிறது என்றாலும், மண்ணும் நிழலும் மாறினால் அந்த மதிப்பீடு பல பத்தாண்டுகள் பிசகும். ஆகவே இந்த மரங்களின் ஆண்டைத் தாங்கி நிற்பவை பழைய பதிவேடுகளும் வரைபடங்களும்தாம்.

அடுத்த முறை போனால் கிங்கோவை அருகில் நின்று பாருங்கள். அது தரையிலிருந்தே பல கவைகளாகப் பிரிந்து எழும்பியிருக்கும். வில்லியம் சேம்பர்ஸ் கட்டிய பெரிய வெப்ப இல்லத்தின் சுவரை ஒட்டி அது வளர்க்கப்பட்டது. குளிர் தாங்காது என்று அஞ்சிய அந்நாளைய தோட்டக்காரர்கள் சுவரின் வெதுவெதுப்பில் அதை வைத்தார்கள் என்பதே நான் அந்த அமைப்பிலிருந்து பெறும் விளக்கம். அந்த இல்லம் 1861இல் இடிக்கப்பட்டது. மரம் மட்டும் தனியாக நிற்கிறது. பகோடா மரமோ ஏறத்தாழப் படுத்த நிலையில், முட்டுக் கொடுத்துத் தாங்கப்பட்டு, இன்னமும் துளிர்க்கிறது.

ரிச்மண்ட் எஸ்டேட்டின் பக்கம் நடந்தது வேறு. மூன்றாம் ஜார்ஜ் 1760இல் அரசரானபின், 1764 முதல் லேன்சலாட் பிரவுன் அந்த நிலத்தைத் திருத்தியமைத்தார். கரோலைன் அரசியார் காலத்துக் கட்டடங்களையும் ஆற்றோர மேடைநடையையும் அவர் நீக்கிவிட்டு, புல்வெளியும் மரக்கூட்டமுமாக ஆற்றை நோக்கித் திறந்துவிட்டார். இன்று ரோடோடென்ட்ரான் பள்ளத்தாக்கு என்று காட்டப்படும் தாழ்வான நடைபாதை அவர் காலத்தில் தோண்டப்பட்டதுதான். அந்தப் பக்கத்தில் நிற்கும் சில முதிய செஸ்ட்நட் மரங்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தவை எனக் கருதப்படுகின்றன. அப்படியானால் அவை கிழச் சிங்கங்களைவிடவும் மூத்தவை. அவற்றுக்கு நடவுப் பதிவு கிடையாது; சுற்றளவையும் நிற்கும் இடத்தையும் வைத்துச் செய்யும் மதிப்பீடு அது. நானும் அந்த மதிப்பீட்டை ஏற்கிறேன், ஆனால் 1762ஐச் சொல்லும் உறுதியோடு அதைச் சொல்ல மாட்டேன். லவ் லேன் பாதையை மூட 1785இல் நாடாளுமன்றச் சட்டம் வந்தது. 1802இல்தான் இரு எஸ்டேட்டுகளும் ஒன்றாயின.

அகஸ்டா 1772இல் இறந்தபின் தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் அரசருக்கு ஆலோசகராக இருந்து உலகெங்கும் சேகரிப்பாளர்களை அனுப்பினார். எய்ட்டன் 1789இல் வெளியிட்ட பட்டியலில் 5,500க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இடம்பெற்றன. ஆனால் 1820இல் அரசரும் பேங்க்ஸும் ஒரே ஆண்டில் மறைந்ததும் தோட்டம் தளர்ந்தது. அதை மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி தலைமையிலான குழு 1838இல் நிலையை ஆராய்ந்து, தோட்டத்தை நாட்டுக்குரிய அறிவியல் நிறுவனமாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1840இல் தோட்டம் அரச குடும்பத்தின் கையிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு மாறியது. நீங்கள் கண்ட இரண்டாவது ஆண்டு இதுவே.

மறு ஆண்டு இயக்குநரான வில்லியம் ஹூக்கருக்குக் கிடைத்தது ஒரு சிறு துண்டு நிலம்தான். சுற்றியிருந்த பரந்த கேளிக்கை நிலம் அப்போதும் அரச குடும்பத்தின் வேட்டைக்காடாகவே இருந்தது. அந்த நிலம் 1840களின் நடுவில் அவர் கைக்கு வந்தபோதுதான், இன்று நாம் மரப்பூங்கா என்று காணும் பரப்பு உருவாகத் தொடங்கியது. வில்லியம் ஆண்ட்ரூஸ் நெஸ்ஃபீல்டு என்ற நிலவடிவமைப்பாளர், 1844 முதல் 1848 வரை கட்டப்பட்ட பனை இல்லம் என்ற கண்ணாடி மாளிகையை மையமாக வைத்து நீண்ட காட்சிப்பாதைகளை வரைந்தார். ஒன்று சேம்பர்ஸின் பத்து நிலைப் பகோடாக் கோபுரத்தை நோக்கியும், இன்னொன்று ஆற்றைத் தாண்டி அக்கரையில் உள்ள சையான் மாளிகையை நோக்கியும் ஓடுகின்றன. அப்பாதைகளுக்கு இடைப்பட்ட பரப்பில் மரங்களைக் குடும்பவாரியாக, ஓக் வகைகள் ஓரிடத்தில், மேப்பிள் வகைகள் ஓரிடத்தில் என நடுவதற்குத் திட்டம் தீட்டப்பட்டது. 1846இல் நடப்பட்ட செஸ்ட்நட் இலை ஓக் இன்று தோட்டத்திலேயே மிகப் பெரிய மரமாக நிற்கிறது. உதகை அரசு தாவரவியல் பூங்காவை 1848இலிருந்து உருவாக்கிய வில்லியம் மெக்ஐவரும் க்யூவில் பயிற்சி பெற்றவரே என்பதை நம்மூர் வாசகர்களுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன்.

வில்லியம் ஹூக்கருக்குப்பின் 1865இல் இயக்குநரான அவர் மகன் ஜோசப் ஹூக்கர் மரப்பூங்காவின் பெரும்பகுதியைத் திருத்தி நட்டார். 1871இல் தேவதாருச் சாலை, அதே பத்தாண்டில் ஊசியிலை மரத்தோப்பு, 1874இல் ஹாலி நடை ஆகியவை அவர் வேலைகள். இந்த ஹாலி நடை என் மனத்துக்கு மிக நெருக்கமானது. அது பழைய லவ் லேன் பாதையின் தடத்திலேயே நடப்பட்டது. இரு எஸ்டேட்டுகளைப் பிரித்த எல்லைக்கோடு எங்கே இருந்தது என்று கேட்பவருக்கு அந்த ஹாலி வரிசையே இன்றும் விடை. அதன் வழியே நடந்தால் ஒரு பக்கம் தாயின் எஸ்டேட், மறுபக்கம் மகனின் எஸ்டேட்.

ஆற்றங்கரை என்றதும் வளமான வண்டல் மண் என்று பலரும் நினைக்கிறார்கள். உங்கள் கேள்வியிலும் அந்த எண்ணம் தொனிக்கிறது. க்யூவில் உண்மை நேர்மாறானது. தேம்ஸ் பழங்காலத்தில் குவித்துவிட்டுப்போன சரளையும் மணலும்தான் அங்கே அடிநிலம். அதன்மேல் படிந்த மேல்மண் மெலிந்தது, நீரைப் பிடித்துவைக்காதது. லண்டனில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. தோட்டத்து ஏரிகூட அந்தச் சரளையின் கதையைத்தான் சொல்கிறது: மித வெப்ப இல்லம் என்ற இன்னொரு கண்ணாடி மாளிகையின் மேடைக்காகச் சரளை தோண்டிய பள்ளத்தைப் பெரிதாக்கி, தேம்ஸ் ஆற்று நீரை விட்டு ஏரியாக்கினார்கள். ஈரமும் தூய காற்றும் வேண்டிய ஊசியிலை மரங்கள் இந்த மண்ணில் திணறின; நகரின் நிலக்கரிப் புகை அவற்றை மேலும் வாட்டியது. அதனால்தான் 1925இல் வனத்துறை ஆணையத்துடன் சேர்ந்து கென்ட் மாவட்டத்து பெட்ஜ்பரியில் தனி ஊசியிலை மரப்பூங்கா அமைக்க வேண்டிவந்தது. பின்னர் 1965இல் சசெக்ஸில் வேக்ஹர்ஸ்ட் எஸ்டேட்டும் சேர்ந்தது. க்யூவின் மரப்பட்டியலில் எது இருக்கிறது, எது இல்லை என்பதை அரசர்களும் இயக்குநர்களும் தீர்மானித்ததைவிட இந்தச் சரளை அதிகமாகத் தீர்மானித்திருக்கிறது என்பேன்.

வேர்களைப் பற்றிய ஒரு பாடமும் இங்கேயே கிடைத்தது. 1987 அக்டோபர் 16 விடியற்காலையில் வீசிய பெரும்புயலில் க்யூ ஏறத்தாழ 700 மரங்களை இழந்தது. 1798இல் நடப்பட்ட டர்னர் ஓக் என்ற கலப்பின மரத்தைக் காற்று வேர்த்தட்டோடு சேர்த்துத் தூக்கி, மீண்டும் அதே குழியில் இறக்கிவைத்தது. புயலுக்கு முன்பே அது சோர்ந்திருந்த மரம். விழுந்து கிடந்தவற்றை அகற்றும் அவசரத்தில், முட்டுக் கொடுத்து, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்கள். சில ஆண்டுகளில் அது முன்னைக் காட்டிலும் செழித்துத் தழைத்தது. காரணத்தை மரப்பூங்காவின் தலைவராக இருந்த டோனி கிர்காம் ஆராய்ந்தார். இரண்டு நூற்றாண்டுகளாக மக்கள் நடந்து நடந்து மரத்தடி மண் இறுகிப்போயிருந்தது. புயல் தூக்கியதில் அது பொலபொலவென்று இளகி, வேர்களுக்குக் காற்றும் நீரும் மீண்டும் கிடைத்தன. அதற்குப்பின் முதிய மரங்களின் அடியில் அழுத்தக் காற்றைச் செலுத்தி மண்ணை இளக்குவதும், அடிமரத்தைச் சுற்றிப் புல்லை நீக்கி அகன்ற வட்டமாக மூடாக்குப் போடுவதும் க்யூவின் நடைமுறையாயின. மரத்துக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கியிருக்கும் என்று நாம் பள்ளியில் படித்தது முதிய மரங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது என்பதையும், உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவிக் கிடக்கிறது என்பதையும் அன்று கவிழ்ந்த வேர்த்தட்டுகள் கண்கூடாகக் காட்டின.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேராகச் சொன்னால்: தோட்டக்காரர் நியமனத்தை எண்ணினால் 1759, மூத்த மரங்களை எண்ணினால் 1762 ஒட்டிய ஆண்டுகள், நாட்டுடைமையை எண்ணினால் 1840, இன்று நீங்கள் நடந்த அந்தப் பரந்த மரப்பூங்காவை எண்ணினால் 1840களின் நடுப்பகுதி. ஒரே ஆண்டைச் சொல்லியே தீர வேண்டும் என்றால் நான் 1762ஐத்தான் சொல்வேன். அதற்குச் சான்றாக உயிருள்ள மரங்கள் நிற்கின்றன. ஐந்து மரங்களும் அசலானவையே. அவற்றுள் ஒவ்வொன்றும் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதில்தான் ஐயம். அவை இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. 2022 கோடை வறட்சியில் க்யூ சுமார் 400 மரங்களை இழந்தது. தோட்டத்திலுள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களில் பாதிக்கும் அதிகமானவை இந்நூற்றாண்டின் இறுதிக்குள் வெப்பத்தாலும் வறட்சியாலும் பாதிக்கப்படக்கூடும் என்று நிறுவனமே மதிப்பிட்டிருக்கிறது. அதனால் வறட்சி தாங்கும் நாடுகளிலிருந்து விதை சேகரித்து நடும் வேலை இப்போது நடந்துவருகிறது. போகும்போது புதிதாக நட்ட கன்றுகளின் பலகைகளையும் படித்துப் பாருங்கள். விதை எந்த நாட்டிலிருந்து, எந்த ஆண்டில் வந்தது என்ற விவரம் அவற்றுக்கு முறையான பதிவாக இருக்கிறது. கிழச் சிங்கங்களுக்கு இல்லாமல் போனது அந்தப் பதிவுதான்.